சேர்ந்தே போய்ச் சேர்ந்தே திரும்ப: சைக்கிள் கேள்வி – பதில்

நண்பர்களோடு ஊருக்கு வெளியே, வயல்வெளிச் சாலைகளில் அவசரமில்லாமல் சைக்கிள் ஓட்டிவிட்டு வருவது பற்றி வாசகர்கள் அனுப்பியவற்றில் அடிக்கடி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர். இரண்டு பேர் நன்றாக ஓட்டுவார்கள். மூன்று பேர் சைக்கிள் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. ஒருவரிடம் இருப்பது கியர் இல்லாத பழைய சைக்கிள். காலை 7 மணிக்குக் கிளம்பி 12 மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். முதல் தடவை எத்தனை கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாம்?

பதில்: 30 கி.மீ. அதற்கு மேல் வேண்டாம். கணக்கைச் சொல்லிவிடுகிறோம், அடுத்த முறை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் கையில் இருப்பது 5 மணி நேரம். அதில் 1 மணி நேரத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு பஞ்சர் ஒட்டவும் ஒரு தடவை வழி தவறவும் அது சரியாகப் போய்விடும். மிச்சம் 4. முக்கால் மணிக்கு ஒரு தடவை 10 நிமிடம் நிற்பது, நடுவில் ஒரு இடத்தில் கொஞ்சம் நீளமாக இளைப்பாறுவது எல்லாம் சேர்ந்து இன்னொரு 1 மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஆக, சக்கரம் உருளும் நேரம் 3 மணிதான். புதியவர்கள் கலந்த கூட்டம் சமதளத் தார்ச்சாலையில் மணிக்கு 12 கி.மீ. போகும். 36 கி.மீ. வருகிறது. மண்பாதையும் மேடும் கொஞ்சம் தின்றுவிடும் என்பதால் 30 என்கிறோம். பெரும்பாலான குழுக்கள் தவறுவது இந்த இடத்தில்தான். நன்றாக ஓட்டும் ஒருவர் தனியாகப் போகும் வேகத்தை எடுத்து, அதை மொத்த நேரத்தால் பெருக்கிவிடுகிறார்கள். அப்புறம் கடைசி 10 கி.மீ. உச்சிவெயிலில் யாருக்கும் பேசத் தெம்பில்லாமல் கழிகிறது.

தூரத்தைப் போலவே ஏற்றத்தையும் பாருங்கள். வழித்தடம் வரையும் செயலிகள் மொத்த ஏற்றத்தை மீட்டரில் காட்டும். 30 கி.மீ. பாதைக்கு அது 150 மீட்டருக்குள் இருந்தால் கவலை இல்லை. 300 மீட்டரைத் தாண்டினால் மேட்டுப்பாதை என்று வைத்துக்கொண்டு தூரத்தில் கால்பங்கைக் குறைத்துவிடுங்கள்.

காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று கிளம்பும் முன் பாருங்கள். போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்று அமைவது நல்லது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு அதே வேகத்தில் எதிர்காற்று வீசினால், உடம்பில் மோதும் காற்றின் வேகம் இரட்டிப்பாகிறது. காற்றின் தடையோ நான்கு மடங்காகிறது. அதைத் தெம்பு இருக்கும்போதே சமாளித்துவிட வேண்டும்.

போன வழியே திரும்புவதைவிட வட்டமான பாதை சுவையானது. ஆனால் அந்த வட்டத்தில் இரண்டு மூன்று இடங்களிலாவது குறுக்கே வெட்டி வீட்டுக்குத் திரும்பும் வழி இருக்க வேண்டும். யாருக்காவது முடியவில்லை என்றால் 15ஆவது கிலோமீட்டரில் தெரிவதைவிட 8ஆவதிலேயே திரும்ப வழி இருப்பது எவ்வளவோ மேல். வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரியும் பாதைகளைச் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். சில பாதைகள் வரப்பில் போய் முடியும்.

கேள்வி: எங்கள் குழுவில் வேகமாகப் போகிறவர்கள் முன்னால் போய் நிழலில் காத்திருப்பார்கள். மெதுவாக வரும் நண்பர் வந்து சேர்ந்ததும் "வந்தாச்சா, கிளம்பலாம்" என்று உடனே ஏறிவிடுவார்கள். இப்போது அவர் வரவே மாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்குத்தான் உங்கள் குழுவில் ஓய்வே கிடைப்பதில்லை. முதலில் இந்த ஒன்றை மாற்றுங்கள்: இளைப்பாறும் நேரம், கடைசி ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்த பிறகுதான் தொடங்குகிறது. அதிலிருந்து 10 நிமிடம். முன்னால் வந்தவர்கள் எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தாலும் அது கணக்கில் சேராது.

அடுத்து, முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று இரண்டு பேருக்குப் பொறுப்பு கொடுங்கள். முன்னால் போகிறவருக்கு வழி தெரிந்திருக்க வேண்டும். அவரை யாரும் தாண்டக் கூடாது. கடைசியில் வருகிறவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அந்தக் கடைசி இடம் நன்றாக ஓட்டவும் பஞ்சர் ஒட்டவும் தெரிந்த ஒருவருக்கு உரியது. மெதுவாக வருகிறவரை அங்கே விட்டுவிடாதீர்கள். முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால், இரண்டாவதாக அவர் வரட்டும். எதிர்காற்று அவருக்குக் கொஞ்சம் மறையும். முன்னால் போகிறவருக்கும் பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும், தானாக வேகம் குறையும். பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் அதிகம்.

பாதையில் திருப்பங்கள் அதிகம் என்றால் இன்னொரு முறையும் உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த நேரத்தில் இரண்டாவதாக வருகிறவர் ஓரமாக நின்றுகொண்டு, வருகிறவர்களுக்குத் திசை காட்ட வேண்டும். கடைசி ஆள் வந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்ளலாம். அடுத்த திருப்பத்தில் வேறொருவர் நிற்பார். இதில் எல்லாரும் ஒட்டிக்கொண்டே போக வேண்டும் என்பதில்லை, யாரும் வழி தவறுவதும் இல்லை. ஒரே விதி: நின்றவர் கடைசி ஆளைக் கண்ணால் பார்க்காமல் இடத்தைவிட்டு நகரக் கூடாது.

இதையெல்லாம் செய்யும் முன் அந்த நண்பரின் சைக்கிளை ஒரு தடவை சோதித்துவிடுங்கள். மெதுவாக வருகிறவர் என்று பெயர் வாங்கிய பலருக்குக் கோளாறு காலில் இல்லை, சைக்கிளில்தான். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுழற்றிவிடுங்கள். நல்ல சக்கரம் சத்தமில்லாமல் பல சுற்று சுற்றி, மெதுவாகத்தான் நிற்கும். இரண்டு மூன்று சுற்றில் நின்றால் பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறது, அல்லது அச்சின் கோன் (பால்ரஸ் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு வடிவ நட்டு) இறுக்கமாக இருக்கிறது. சுற்றும்போது விட்டு விட்டு "சர்க் சர்க்" என்றால் ரிம் கோணலாகி ஒரு பக்கம் மட்டும் உரசுகிறது. பிறகு டயரில் காற்று, காய்ந்துபோன செயின், தாழ்ந்த சீட். இந்த நான்கையும் சரிசெய்த பிறகும் பின்தங்கினால் அவருடைய பையையும் பூட்டையும் தண்ணீரையும் நன்றாக ஓட்டுகிறவர் வாங்கிக்கொள்ளட்டும்.

கியர் இல்லாத சைக்கிளில் வருகிறவரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவருடைய சிரமம் வேறு. முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால், 28 அங்குலச் சக்கரம் ஒரு மிதிக்கு 5 மீட்டருக்கு மேல் போகும். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் அவர் நிமிடத்துக்கு 40 சுற்றுகூட மிதிப்பதில்லை. சமதளத்தில் அது பரவாயில்லை. மேட்டில் அதே வேகத்தில் போகச் சொன்னால் முழங்கால்தான் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். ஆகவே மேடு வரும்போது அவருக்கு வழி விடுங்கள். கீழிருந்தே வேகம் எடுத்து ஏறட்டும், உச்சியில் நிற்கட்டும். அவருக்கு முன்னால் மெதுவாகப் போய் வேகத்தைக் கெடுத்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

கேள்வி: 15 கி.மீ. தாண்டியதும் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. மற்ற நாட்களில் வலி இல்லை.

பதில்: சீட் தாழ்வாக இருக்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர்கள் சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும் என்று இறக்கி வைத்துக்கொள்வார்கள். அப்படி இருந்தால் மிதி மேலே வரும்போது முழங்கால் அதிகமாக மடங்கி, மடங்கிய நிலையிலேயே முழு பலத்தையும் தாங்குகிறது.

சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, சுவரைப் பிடித்தபடி சீட்டில் ஏறி உட்காருங்கள். ஓட்டும்போது போடும் செருப்போ ஷூவோ காலில் இருக்கட்டும். மிதி முழுக்கக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், ஆனால் இடுப்பு அந்தப் பக்கம் சரியக் கூடாது. இனி விரல்களுக்குப் பின்னாலிருக்கும் அகன்ற பகுதியை மிதியில் வைத்தால் முழங்காலில் லேசான மடிப்பு தெரியும். அதுதான் உங்கள் உயரம். அளந்து பார்க்க விரும்பினால், வெறுங்காலோடு நின்று தரையிலிருந்து கவட்டை வரை அளந்து, அதை 0.88ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. கால் என்றால் 70 செ.மீ. சொச்சம். கிராங்க் அச்சின், அதாவது மிதிகள் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை இந்த நீளம் இருந்தால் ஏறக்குறைய சரி.

ஒரே நாளில் 3 செ.மீ. ஏற்றிவிடாதீர்கள். ஒரு சவாரிக்கு அரை செ.மீ. போதும். சீட் குழாயில் ஒரு கோடு பொறித்திருக்கும், அது சட்டத்துக்கு வெளியே தெரியும்படி ஏற்றக் கூடாது. ஏற்றிய பிறகு முழங்காலின் பின்பக்கம் இழுத்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினாலோ அதிகமாகிவிட்டது என்று பொருள். சீட் சரியாகியும் முன்பக்க வலி போகவில்லை என்றால் கனமான கியரில் மிதிக்கிறீர்களா என்று பாருங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று வரை சுலபமாகச் சுழலும் கியரே முழங்காலுக்கு நல்லது. இரண்டையும் சரிசெய்த பிறகும் வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: டயரின் பக்கவாட்டில் "அதிகபட்சம் 85 பி.எஸ்.ஐ." என்று போட்டிருக்கிறது. அவ்வளவு அழுத்தத்துக்குக் காற்று அடித்தால் கரடுமுரடான சாலையில் உடம்பெல்லாம் குலுங்குகிறது. குறைக்கலாமா?

பதில்: தாராளமாக. அதற்கு மேல் போகக் கூடாது என்பதற்கான எண் அது, அவ்வளவு வேண்டும் என்பதற்கானது இல்லை. 70 கிலோ எடையுள்ளவருக்கு, கிராமச் சாலையில், 35 மி.மீ. அகல டயர் என்றால் 45 முதல் 50 பி.எஸ்.ஐ. போதும். 28 மி.மீ. என்றால் 70ஐ ஒட்டி. 2 அங்குலத் தடித்த டயர் என்றால் 30 முதல் 35. பின் சக்கரம் எடையில் பெரும்பகுதியைச் சுமப்பதால் அதில் முன் சக்கரத்தைவிட 5 பி.எஸ்.ஐ. கூட வையுங்கள். கேரியரில் பை இருந்தால் இன்னும் ஒரு 5. டயரில் குறைந்தபட்ச அளவும் போட்டிருந்தால் அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

கல்லும் குழியுமான பாதையில் இறுகிய டயர் வேகம் தராது. ஒவ்வொரு கல்லிலும் சைக்கிளும் ஆளும் மேலே தூக்கப்படுகிறோம், அந்தத் தெம்பு வீணாகிறது. கொஞ்சம் அமுங்கும் டயர் கல்லை விழுங்கிக்கொண்டு போகும். ஆனால் ரொம்பக் குறைத்தால், குழியின் விளிம்பில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கிக் கிழியும். கையால் அமுக்கிப் பார்த்து அளவு சொல்வது கடினம், அளவுமானி உள்ள பம்ப் ஒன்று குழுவில் இருந்தால் போதும். டியூப் நன்றாக இருந்தாலும் வாரத்துக்கு வாரம் காற்று கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், ஆகவே முந்தின நாள் மாலை அடித்துவிடுங்கள். ராத்திரியில் இறங்கிவிட்டால் பஞ்சர் இருப்பது வீட்டிலேயே தெரிந்துபோகும்.

கேள்வி: பஞ்சர் ஒட்டிக் கிளம்பிய அரை மணியில் அதே சக்கரம் மறுபடி இறங்கியது. மறுபடி ஒட்டினோம், மறுபடி இறங்கியது. ஒட்டு சரியில்லையா, டியூபே போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் இரண்டும் இல்லை. குத்திய முள் டயரிலேயே இருக்கிறது.

ஓட்டையை அடைப்பதற்கு முன் அது டியூபில் எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் பாதி வேலை. காரணத்தை அந்த இடமே சொல்லிவிடும். சாலையைப் பார்த்த பக்கத்தில் ஒற்றைப் புள்ளி என்றால் முள், கண்ணாடி, கம்பி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்று குறைவாக இருந்து ரிம்மில் நசுங்கியது. ரிம்மைப் பார்த்த உள்பக்கத்தில் என்றால் ரிம்மின் உள்ளே சுற்றியிருக்கும் ரிம் நாடா விலகி, ஸ்போக்ஸின் தலையோ அதன் துளை விளிம்போ உரசுகிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் காற்று குறைந்த டயர் ரிம்மில் நழுவி, வால்வைச் சாய்த்து இழுத்திருக்கிறது. வால்வின் அடியில் வந்த கிழிசல் ஒட்டில் நிற்காது, டியூபை மாற்ற வேண்டும்.

டியூபை உருவும் முன் டயரின் பெயர் அச்சிட்ட இடம் வால்வுக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் வால்வுக்கு நேராக டயரில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். டியூப் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும். வெளியே எடுத்ததும், வழக்கமான பருமனைப்போல இரண்டு மடங்கு உப்பும்வரை காற்றடித்து, கன்னத்துக்கு அருகில் மெதுவாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகூடக் கன்னத்தில் குளிர்ச்சியாகப் படும். கிடைத்த ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து, அதே தூரத்தில் டயரைத் தேடினால் முள் அங்கேதான் இருக்கும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் 26 அங்குலச் சக்கரம் முழுவதையும் தடவிக்கொண்டிருக்க வேண்டாம்.

தேடும்போது வெறும் விரலை ஓட்டாதீர்கள், கண்ணாடித் துண்டு கிழித்துவிடும். பழைய பருத்தித் துணியைச் சுருட்டி டயரின் உள்ளே இழுத்துக்கொண்டு போனால் முள்முனையில் நூல் மாட்டும். ஆளை ஏமாற்றுவது மெல்லிய கம்பித் துணுக்குதான். லாரி டயர்கள் வெடித்த இடங்களில் முடியளவு கம்பிகள் சிதறிக் கிடக்கும். அது ரப்பருக்குள் புதைந்து, சும்மா தொட்டால் தெரியாது. சக்கரத்தில் எடை ஏறும்போது மட்டும் தலை நீட்டிக் குத்தும். அந்த இடத்தில் டயரை இரண்டு கையாலும் பின்பக்கமாக வளைத்து விரித்தால் கறுப்புப் புள்ளியாக முனை வெளிப்படும். வெளியே இழுக்க முடியாவிட்டால் உள்ளிருந்து ஊசியால் தள்ளுங்கள்.

இனி ஒட்டு. ஓட்டையைச் சுற்றி, ஒட்டைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாக உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்புப் போய்ச் சாம்பல் நிறம் வர வேண்டும். டியூபை வார்த்த அச்சின் வரம்பு நீளக்கோடாக உயர்ந்திருந்தால் அதையும் மட்டமாக்குங்கள், அந்த வரம்பின் ஓரமாகத்தான் காற்று கசியும். சொல்யூஷனை மெல்லிசாகப் பூசிவிட்டு, 5 நிமிடம் தொடாமல் காத்திருங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டைப் போடுவதுதான் பலர் செய்யும் தப்பு. பூசிய இடம் மினுமினுப்பு அடங்கி, தொட்டால் விரலில் வராத பதத்துக்கு வந்த பிறகு ஒட்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு நிமிடம் அழுத்துங்கள். ஒட்டின்மேல் இருக்கும் மெல்லிய தாளை உரிக்கும்போது ஓரம் தூக்கினால் தாளை அப்படியே விட்டுவிடுங்கள், அது ஒன்றும் செய்யாது.

டியூபைத் திரும்பப் போடும்போது அது உருண்டையாக நிற்கும் அளவுக்குக் கொஞ்சம் காற்று வேண்டும். வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி, வால்வில் வந்து முடியுங்கள். கடைசிப் பகுதி ஏறாமல் முரண்டு பிடித்தால், ஏறிய பகுதி முழுவதையும் இரண்டு கையாலும் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தால் இளகும். அங்கே லீவரைப் போட்டு நெம்பினால் டியூபைக் கிள்ளிப் புது ஓட்டை விழும். "மறுபடி இறங்கியது" என்பதற்கு முள்ளுக்கு அடுத்த காரணம் இதுதான். காற்றடிக்கும் முன் இரண்டு பக்கமும் டயர் விளிம்பை விலக்கி, டியூப் எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்று ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

சாலையோரத்தில் இவ்வளவும் செய்யத் தேவையில்லை. சரியான அளவில் ஒரு புது டியூபைப் போட்டுக்கொண்டு கிளம்பி, பழையதை வீட்டில் ஒட்டுங்கள். ஆனால் முள்ளைத் தேடும் வேலைக்கு மட்டும் விலக்கு இல்லை.

கேள்வி: பேசிக்கொண்டே போகும்போது ஒருவரின் முன் சக்கரம் முன்னால் போனவரின் பின் சக்கரத்தில் உரசிக் கீழே விழுந்துவிட்டார். முன்னால் போனவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எவ்வளவு இடைவெளி வேண்டும்?

பதில்: எப்போதும் அப்படித்தான், விழுவது பின்னால் வருகிறவர். சைக்கிள் நிமிர்ந்து நிற்பதே முன் சக்கரத்தை இடமும் வலமும் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டிருப்பதால்தான். அது இன்னொரு சக்கரத்தில் ஒட்டிக்கொண்டதும் திருப்ப முடியாது, சாயும் பக்கமே சாய வேண்டியதுதான். முன்னால் போகிறவருக்கோ பின் சக்கரத்தில் ஒரு சின்ன இடிதான் தெரியும்.

ஆகவே உங்கள் முன் சக்கரம் எந்த நேரத்திலும் முன்னவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் இருக்கக் கூடாது. ஒன்று, முழுக்கப் பின்னால் இருங்கள், அல்லது தோளுக்குத் தோள் சேர்ந்து வாருங்கள். இடைப்பட்ட அந்தப் பாதி நிலைதான் ஆபத்து. நிதானமான வேகத்தில், சமதளத்தில் ஒரு சைக்கிள் நீளம், அதாவது 2 மீட்டர் போதும். இறக்கத்தில் 10 மீட்டராவது விடுங்கள்.

இணையாக இருவர் போவதை உங்கள் பகுதிச் சாலை விதி அனுமதிக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும் வளைவிலும் குறுகிய பாலத்திலும் பின்னால் வண்டி வரும்போதும் ஒற்றை வரிசைதான். வரிசைக்கு மாறும்போது யார் முன்னால், யார் பின்னால் என்ற தயக்கத்தில்தான் பல உரசல்கள் நடக்கின்றன. சாலையின் நடுவை ஒட்டிப் போகிறவர் வேகத்தைக் குறைத்துப் பின்னால் போவார் என்று கிளம்பும்போதே பேசி வைத்துவிட்டால் தயக்கம் இருக்காது.

திரும்பிப் பார்க்கும் பக்கமே ஹேண்டிலும் இழுத்துக்கொண்டு போகும் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் வருகிறவரோடு பேச வேண்டுமென்றால் திரும்பாமல் குரலை மட்டும் உயர்த்துங்கள். முன்னால் இருப்பவர் "குழி", "கல்", "எதிரில் வண்டி", "நிற்கிறேன்" என்றும், கடைசியில் இருப்பவர் "பின்னால் வண்டி" என்றும் சொல்ல, ஒவ்வொருவரும் அதை அடுத்தவருக்குக் கடத்த வேண்டும். "நிற்கிறேன்" என்று சொல்லிவிட்டு இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் பிரேக்கைத் தொட வேண்டும். நின்றதும் எல்லாரும் சாலையைவிட்டு முழுக்க இறங்கிவிடுங்கள்.

கேள்வி: தார்ச்சாலை முடிந்து மணல் படிந்த இடம் வந்தால் சைக்கிள் வழுக்குகிறது. பயத்தில் பிரேக் பிடித்தால் இன்னும் மோசமாகிறது.

பதில்: பிடிக்க வேண்டியதை மணலுக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள். மணலுக்குள் நுழையும்போது சுலபமான கியரில் இருங்கள், உடம்பின் எடையைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள், விடாமல் மிதியுங்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் முன் சக்கரத்தை அதன் போக்கில் லேசாக அலைய விட்டால் நிமிர்ந்தே போகும். சரளைக்கல் வளைவில் சாயவும் கூடாது, முன் பிரேக்கைத் தொடவும் கூடாது. ஆழமான மணலில் இறங்கித் தள்ளுவதே புத்திசாலித்தனம்.

முன் பிரேக் எந்தக் கையில் இருக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். நண்பரோடு சைக்கிளை மாற்றி ஓட்டும்போது முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த, கெட்டியான சாலையில் நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது, அதற்குப் பயந்து பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்கும் தூரம் நீண்டுபோகும். நீண்ட இறக்கத்தில் இரண்டையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். தொடர்ந்து உரசவிட்டால் சூடேறும்.

கேள்வி: மேட்டில் கியர் மாற்றினால் "கடக்" என்று சத்தம் வந்து செயின் கழன்றுவிடுகிறது.

பதில்: பாரம் முழுவதும் செயினில் இருக்கும்போது மாற்றுகிறீர்கள். மேடு தொடங்கும் முன், மிதி இன்னும் சுலபமாகச் சுழலும்போதே மாற்றிவிடுங்கள். ஏறும் நடுவில் மாற்றியே ஆக வேண்டுமென்றால், இரண்டு மிதி அழுத்தி மிதித்துக் கொஞ்சம் வேகம் எடுத்து, அடுத்த அரைச் சுற்றில் அழுத்தத்தைக் குறைத்து அப்போது மாற்றுங்கள். முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னாலும் பெரியது என்ற சேர்க்கையைத் தவிருங்கள், செயின் கோணலாக இழுபடும்.

கழன்ற செயினை மாட்ட: பின் கியரில் செயினை இழுத்துப் பிடித்தபடி கீழே தொங்கும் கையை முன்பக்கமாகத் தள்ளினால் செயின் தளரும். முன் பல்சக்கரத்தின் அடிப்பகுதிப் பற்களில் செயினை வைத்து, மிதியைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள், தானாக ஏறிக்கொள்ளும். விரல் பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் அடிக்கடி கழன்றால் செயின் நீண்டிருக்கலாம். செயினின் 12 முழுக் கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 அங்குலம் கூடும்வரை விட்டுவிட்டால் பின் பற்களும் தேய்ந்திருக்கும், புதுச் செயின் போட்டாலும் வழுக்கும்.

கேள்வி: உள்ளங்கையும் சுண்டுவிரலும் மரத்துப்போகின்றன.

பதில்: உள்ளங்கையின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு ஹேண்டிலில் அழுந்துகிறது. சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி எடை முழுவதும் கையில் இறங்கும், முதலில் அதை மட்டமாக்குங்கள். ஹேண்டில் ரொம்பத் தாழ்வாகவோ எட்டாத தூரத்திலோ இருந்தாலும் இதே விளைவுதான். மணிக்கட்டை மடக்காமல், முழங்கையை விறைக்காமல் ஓட்டுங்கள். சில நிமிடத்துக்கு ஒரு தடவை பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள். சவாரி முடிந்த மறுநாளும் மரமரப்பு இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர், கடும் வெயிலில் முக்கால் லிட்டர். ஒரேயடியாகக் குடிக்காமல் வாய் வாயாகக் குடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வியர்த்தால் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் உள்ளே போக வேண்டும். யாருக்காவது தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் நிழலில் உட்காரவைத்து, உடம்பை ஈரத்துணியால் துடைத்துக் குளிர்வியுங்கள். பேச்சு குழறினாலோ ஆள் குழம்பினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: நாய் துரத்தினால் வேகமாக ஓட்டித் தப்பிப்பதா, நிற்பதா?

பதில்: குழுவாக இருக்கும்போது வேகம் எடுக்காதீர்கள். ஓடுவதைத்தான் நாய் துரத்துகிறது, முன்னால் போகிறவர் தப்புவார், பின்னால் வருகிறவர் மாட்டிக்கொள்வார். வேகத்தைக் குறைத்து நில்லுங்கள், இறங்கிச் சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அதட்டுங்கள், அதன் எல்லையைத் தாண்டும்வரை தள்ளிக்கொண்டே நடங்கள். கடித்துவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும். சவாரியை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: ஆளாளுக்கு ஒரு கருவிப் பை தேவையா?

பதில்: தேவையில்லை. பம்ப், மூன்று டயர் லீவர், பஞ்சர் ஒட்டுகள், சொல்யூஷன், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, ஒரு ஸ்குரூ டிரைவர், அச்சு நட்டுக்கான ஸ்பேனர், நாலைந்து பிளாஸ்டிக் கட்டுப்பட்டை எல்லாம் குழுவுக்கு ஒரு செட் போதும். அது கடைசியில் வருகிறவரிடம் இருக்கட்டும். முன்னால் போகிறவரிடம் கொடுத்தால், பஞ்சரானவர் ஒரு கி.மீ. பின்னால் நின்றுகொண்டிருப்பார்.

டியூப் மட்டும் ஆளுக்கு ஒன்று வேண்டும், ஏனென்றால் அளவுகள் வேறு. ஒருவருடையது 26 அங்குலம், இன்னொருவருடையது 700 சி என்றால் ஒன்று மற்றதற்கு ஆகாது. வால்வும் ஒரே மாதிரி இருக்காது, குழுவின் பம்ப் எல்லார் வால்விலும் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே மாட்டிப் பாருங்கள். சொல்யூஷன் டியூபை ஒருமுறை திறந்துவிட்டால் சில மாதத்தில் உள்ளேயே காய்ந்துவிடும். மூடியோடு இருக்கிறதே என்று நம்பாமல் பிதுக்கிப் பார்த்து எடுத்து வையுங்கள். டயரே கிழிந்துபோனால், பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு விரல் நீளத் துண்டை டியூபுக்கும் கிழிசலுக்கும் நடுவில் வைத்து, காற்றைக் குறைத்து அடித்து வீடு வந்து சேரலாம்.

கேள்வி: திரும்பும்போது மழையில் நனைந்துவிட்டது. அப்படியே நிறுத்தி வைக்கலாமா?

பதில்: செயினை மட்டுமாவது அன்றைக்கே கவனியுங்கள், மறுநாள் காலைக்குள் துரு பூத்துவிடும். துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு மிதியைப் பின்னோக்கிச் சுற்றிச் சேற்றையும் ஈரத்தையும் துடைத்தெடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பத்து சுற்று சுற்றி, கால்மணி ஊறவிட்டு, வெளியே தெரியும் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள். வேலை செய்வது உருளைக்குள் போன எண்ணெய்தான், வெளியே நிற்பது மண்ணைப் பிடித்துச் செயினைத் தேய்க்கும். ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் கட்டையில் மணல் பதிந்திருந்தால் ஊசியால் கிளறி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த இறக்கத்தில் அது ரிம்மைச் சுரண்டும். சைக்கிளைத் தலைகீழாகவும் சாய்த்தும் சிறிது நேரம் வைத்தால் சட்டக் குழாய்க்குள் புகுந்த தண்ணீர் சீட் குழாய் வழியாகவும் அடியிலுள்ள துளை வழியாகவும் வடிந்துவிடும்.